கிளைக் குவியலுக்கு பெர்மிட், மலைச் சரிவுக்கு ஏலம்

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்த போர்ட்லண்ட் நண்பன் ஒருவன், கொல்லையில் நான் குவித்து வைத்திருந்த கிளைகளைப் பார்த்துவிட்டு, "மச்சான், உன் நிலம், உன் மரம், உன் குப்பை, இதை எரிக்க எதுக்குடா பெர்மிட்?" என்று கேட்டான். சாப்பாட்டு நேரம், அரைகுறையாக ஏதோ சொல்லி வைத்தேன். கேள்வி மனதிலேயே கிடந்தது, அதனால் முழுசாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தின் தென்மேற்கு ஓரம், கிளார்க் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). கொலம்பியா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆரிகன் மாநிலம், போர்ட்லண்ட் அங்கேதான். இன்டெல் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் அந்தக் கரையில்தான். கொஞ்சம் மரம், கொஞ்சம் மண் வேண்டும் என்று நாங்கள் இந்தக் கரையில் ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கர் வாங்கினோம். ஐந்து ஏக்கர் என்றால் எவ்வளவு வேலை என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் டக்ளஸ் ஃபர் மரங்கள் கிளைகளை முறித்துத் தள்ளும், பிளாக்பெர்ரி முள் வேலி தாண்டி வரும், ஒரு பெருங்காற்றுக்கு ஒரு ஆல்டர் மரமாவது சாயும். இதையெல்லாம் எங்கே கொண்டுபோய்ப் போடுவது? எரித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். போகியன்று விடியற்காலையில் வாசலுக்கு வாசல் எரித்து வளர்ந்தவர்கள் நாம், நெருப்பு வைக்க இன்னொருவரைக் கேட்க வேண்டும் என்ற நினைப்பே நமக்கு வராது.

இங்கே விதி என்னவென்றால், நகர வளர்ச்சி எல்லைக்குள் இருப்பவர்கள் தோட்டக் குப்பையை எரிக்கவே கூடாது, 2007 முதல் மாநிலம் முழுக்க அப்படித்தான். எல்லைக்கு வெளியே இருக்கும் எங்களைப் போன்றவர்கள் பெர்மிட் வாங்கி எரிக்கலாம். ஆனால் இலையும் கிளையும் மட்டும்தான். அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக், பழைய பலகை எதுவும் கூடாது, பீப்பாயில் போட்டு எரிப்பதும் சட்டவிரோதம். மாநிலப் பொது விதி சொல்லும் குவியல் 4 அடிக்கு 4 அடி, உயரம் 3 அடி. கட்டடத்திலிருந்து 50 அடி தள்ளி இருக்க வேண்டும், பக்கத்தில் தண்ணீர் ஹோஸும் மண்வெட்டியும் வேண்டும், அணையும் வரை ஆள் அங்கேயே நிற்க வேண்டும். பெர்மிட் கையில் இருந்தாலும் அன்றைக்கு எரிக்கலாமா என்று காலையில் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூலை 15 முதல் செப்டம்பர் 30 வரை வழக்கமாக எங்கள் கவுண்டியில் கிளைக் குவியல் எரிக்கவே அனுமதி கிடையாது.

முதல் வருடம் எனக்கும் இது எரிச்சலாகத்தான் இருந்தது. அந்த எரிச்சலைத் தீர்த்தது எந்த அதிகாரியும் இல்லை, இந்த ஊரின் கதை.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் யாகோல்ட் என்று ஒரு சிற்றூர். 1902 செப்டம்பரில் அந்தக் காடு எரிந்தது. ஒரே ஒருவர் வைத்த தீ என்று சொல்ல முடியாது. நிலம் திருத்தியவர்களும் மரம் வெட்டியவர்களும் கழிவுக் கிளைக்கு வைத்த தீ உட்பட அங்கங்கே பல சிறு தீக்கள் இருந்தன, கிழக்கிலிருந்து வறண்ட காற்று இறங்கியதும் எல்லாம் ஒன்றுசேர்ந்துவிட்டன. சுமார் 2,39,000 ஏக்கர், 38 உயிர்கள். போர்ட்லண்டில் சாம்பல் விழுந்தது. யாகோல்ட் ஊர் தப்பியது, வீட்டுச் சுவர்களின் பெயின்ட் மட்டும் கொப்புளித்தது என்கிறார்கள். தீக்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. அதற்கடுத்த சில ஆண்டுகளில்தான் மாநிலத்தில் தீக்காவல் என்ற அமைப்பே உருவானது. எரிந்த காட்டில் நின்ற பட்ட மரங்கள் 1952 வரைக்கும் திரும்பத் திரும்ப எரிந்துகொண்டே இருந்தன. நான் வாங்கும் பெர்மிட் தாள் அந்த 38 பேருக்குப் பிறகு எழுதத் தொடங்கிய தாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

பழைய கதை என்று விட்டுவிடவும் முடியாது. 2022 அக்டோபர் இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். லார்ச் மலையில் நாக்கியா கிரீக் தீ. 9-ஆம் தேதி பிடித்தது, ஒரு வாரம் பெரிதாகத் தெரியவில்லை, 16-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் காற்று அடித்தது, அவ்வளவுதான், மத்தியானத்துக்குள் புகை எழும்பி வானம் பழுப்பாகிவிட்டது. வெளியேற்ற எச்சரிக்கையில் மூன்று நிலை உண்டு: தயாராகு, கிளம்ப நில், கிளம்பு. எங்களுக்கு இரண்டாம் நிலை வந்தது. பாஸ்போர்ட், அம்மா கொடுத்த நகை, குழந்தையின் இன்ஹேலர், இவ்வளவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு காரை வாசல் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நிலை வந்தவர்கள் மாட்டையும் குதிரையையும் ஏற்றிக்கொண்டு எங்கள் ரோட்டில்தான் போனார்கள். கடைசியில் சுமார் 1,900 ஏக்கரோடு நின்றது, மழை வந்து காப்பாற்றியது. அக்டோபர் பாதி தாண்டிய பிறகு நடந்தது இது. நாள்காட்டியைப் பார்த்து நெருப்பு வைக்கிற காலம் போய்விட்டது, அன்றன்று காற்றையும் ஈரத்தையும் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் பெர்மிட் அமைப்பு என்று பெயர்.

என் மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு. பள்ளத்தாக்கில் காற்று அசையாமல் கிடக்கும் நாளில் பத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு குவியல் ஈரக்கிளையை எரித்தால் அந்தப் புகை மேலே போகாது, தரையோடு படுத்துக்கொள்ளும். எனவே நண்பா, நிலம் என்னுடையதாக இருக்கலாம், புகை என் வேலியோடு நிற்பதில்லை.

இதுவரை சொன்னது பாதிதான். மறுபாதியைத்தான் நம்மவர்கள் யாரும் பேசுவதே இல்லை.

எரிந்து மொட்டையாகிப்போன அந்த மலைகள் பிறகு என்ன ஆயின? மரக் கம்பெனிகள் வெட்ட வேண்டியதை வெட்டிவிட்டன, மிச்சம் எரிந்துவிட்டது, வரி கட்ட யாருக்கும் மனமில்லை. அப்படிக் கைவிடப்பட்ட நிலங்கள் வரிப் பாக்கிக்காகக் கவுண்டிகளிடம் வந்தன, 1920-களிலும் 30-களிலும் கவுண்டிகள் அவற்றை மாநிலத்திடம் ஒப்படைத்தன, "நீங்கள் மரம் வளருங்கள், விற்றால் எங்களுக்குப் பங்கு கொடுங்கள்" என்று. மாநிலம் நட்டது. இன்று யாகோல்ட் பர்ன் மாநிலக் காடு என்ற பெயரில் நிற்பது இப்படிப்பட்ட கைவிடப்பட்ட நிலங்களும் சேர்ந்ததுதான். இது போக, 1889-ல் வாஷிங்டன் மாநிலமானபோது 36 சதுர மைல் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் 16, 36 என்று எண்ணிட்ட இரண்டு சதுர மைல்களை மத்திய அரசு பள்ளிகளுக்கென்று எழுதிக்கொடுத்தது. இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்வது மாநில இயற்கை வளத் துறை. காட்டுத் தீயை அணைப்பதும், வெட்டிய சரிவில் மிஞ்சும் பெரிய கிளைக் குவியல்களை எரிக்க பெர்மிட் தருவதும், அந்தக் காட்டின் மரத்தை ஏலம் விடுவதும் ஒரே துறை!

ஏலம் நடக்கும் விதம் இதுதான். துறையின் காட்டாளர்கள் ஒரு சரிவை அளந்து எல்லை குறிப்பார்கள், மரங்களில் அட்டை அறைவார்கள், ஏக்கருக்குக் குறைந்தது எட்டு மரமாவது வெட்டாமல் விட வேண்டும் என்பதால் அவற்றுக்குத் தனிக் குறி போடுவார்கள், ஓடைக்கரையை ஒதுக்குவார்கள். சுற்றுச்சூழல் ஆய்வுத் தாள்கள் வெளியாகும், பொதுமக்கள் கருத்துச் சொல்ல நாட்கள் உண்டு. பிறகு மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் மாதாமாதம் முதல் செவ்வாய்க்கிழமை கூடும் இயற்கை வள வாரியம் ஒப்புதல் தரும். ஆறு பேர் கொண்ட வாரியம், அதில் கவர்னர் தரப்பும் உண்டு, பள்ளிக் கல்வித் தலைவரும் உண்டு, இரண்டு பல்கலைக்கழக டீன்களும் உண்டு. அப்புறம் குறைந்தபட்ச விலை வைத்துப் பகிரங்க ஏலம். எடுத்தவர் அந்த மரத்தைப் பலகையாக அறுக்காமல் முழுத் தடியாகவே வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது, 1990-ல் வந்த மத்தியச் சட்டம் அதைத் தடுக்கிறது, இங்குள்ள மில்களுக்குத்தான் போக வேண்டும். கவுண்டி ஒப்படைத்த நிலத்து மரம் என்றால், பணம் கவுண்டிக்கும் அதன் கீழுள்ள தீயணைப்பு வட்டம், நூலகம், பள்ளி ஆகியவற்றுக்கும் பிரியும்.

இவ்வளவும் வெளிப்படையாகத்தான் நடக்கிறது. எதையும் யாரும் மறைக்கவில்லை. பார்க்காதது நாம்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் போன மாதம் நடக்கப் போனபோது மரத்தில் புதிதாக அட்டை அறைந்திருந்ததைப் பார்த்தேன், வீட்டுக்கு வந்து தேடினால் தாள்கள் எல்லாம் எப்போதோ வெளிவந்து இணையத்தில் கிடக்கின்றன. 4 அடிக் குவியலுக்காக நான் விதிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தவன், ஒரு மலைச் சரிவின் விற்பனைத் தாளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அது என்னை உறுத்துகிறது.

மரமே வெட்டக் கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. என் வீடே டக்ளஸ் ஃபர் பலகையில் நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் முப்பது வருடம் மரம் அறுத்தவர், எனக்குக் கிளை வெட்டவும் குவியல் அடுக்கவும் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவர் சொல்வது: "நட்ட காட்டை வெட்டி மறுபடி நடு, அது விவசாயம். தானாக முளைத்து நின்ற காட்டை வெட்டினால் அதை உன்னால் திரும்ப நட முடியாது." எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. பின்சரிவில் நிற்பது தீக்குப் பிறகு வரிசையாக நட்ட மரங்கள். ஓடையை விட்டுவிட்டு, எட்டு மரக் கணக்கைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு விற்றால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் மாநிலத்தின் மேற்குப் பக்கத்தில், நட்ட காடு பரவும் முன்பே தானாக வளர்ந்து, பல வகை மரமும் பட்ட மரமும் பாசியும் கலந்து நிற்கும் காடுகள் இன்னும் துண்டு துண்டாக இருக்கின்றன. அவற்றை விற்கக் கூடாது. கிடைக்கும் பணம் ஒரு முறைக்குத்தான்.

"சட்டப்படி பள்ளிக்கும் கவுண்டிக்கும் அதிகபட்ச வருமானம் ஈட்டியே ஆக வேண்டும், துறைக்கு வேறு வழியில்லை" என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2022 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. பொது நிலம் எல்லா மக்களுக்காகவும் என்று மாநில அரசியலமைப்பு சொல்கிறது, வருமானத்தை உச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் இல்லை, எதை வெட்டுவது என்று முடிவெடுக்கத் துறைக்கு இடமுண்டு என்று ஒருமனதாகத் தீர்ப்பு. 2025 ஜனவரியில் இந்தத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற பொது நில ஆணையர் டேவ் அப்தக்ரோவ், வந்ததுமே சில மூத்த காடுகளின் விற்பனையை நிறுத்தி வைத்தார், ஆகஸ்டில் 77,000 ஏக்கரை விற்பனையிலிருந்து ஒதுக்குவதாக அறிவித்தார். நான் அதை வரவேற்கிறேன்.

அதே சமயம் கவுண்டிக்காரர்களின் கோபத்தை "பேராசை" என்று தள்ளிவிடுவதும் அநியாயம். பக்கத்து ஸ்கமேனியா கவுண்டியின் பெரும்பகுதி மத்திய அரசின் தேசியக் காடு, அதற்குச் சொத்து வரி வாங்க முடியாது, வரி கட்டும் நிலம் கொஞ்சம்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஏலம் தள்ளிப்போனால் ஆம்புலன்ஸுக்கு ஆள் குறையும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆரிகனில் இதே மர வருமானத்துக்காகக் கவுண்டிகள் மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டு, 2019-ல் ஜூரி 100 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொல்லி, 2022-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. தீயணைப்பு வண்டிக்கும் நூலகத்துக்கும் ஆகும் செலவை மரத்தில் தொங்கவிட்டால் இந்தச் சண்டை ஓயாது. பள்ளியும் வண்டியும் பொது வரிப் பணத்திலிருந்து வரட்டும், ஒதுக்கிய காட்டுக்கு ஈடாகக் கவுண்டிக்கு மாநிலம் பணமோ வேறு நிலமோ கொடுக்கட்டும். இதற்கென்று 1989 முதல் நில மாற்றுத் திட்டம் ஒன்று இருக்கவும் இருக்கிறது, அதற்கு ஒழுங்காகப் பணம் ஒதுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பணம் என்றதும் இன்னொன்று. 2021-ல் காட்டுத் தீத் தடுப்புக்கும் காட்டின் நலத்துக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 12.5 கோடி டாலர் தருவதாக மாநில சட்டமன்றம் முடிவு செய்தது. 2025 பட்ஜெட்டில் அதைக் கிட்டத்தட்ட பாதியாக வெட்டிவிட்டார்கள். கிளைக் குவியலுக்கு எங்களிடம் இவ்வளவு ஒழுங்கு கேட்கும் மாநிலம், தானே சொன்ன சொல்லை நான்கே வருடத்தில் குறைத்துக்கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை. நாக்கியா கிரீக் ஞாயிற்றுக்கிழமையை அவர்கள் எங்கள் வாசலில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

டிசம்பர் முதல் செவ்வாய்க்கிழமை வாரியக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன், வீட்டிலிருந்தே இணையத்தில் சேரலாம். அதற்கு முன் அந்தச் சரிவை எல்லை அட்டை பிடித்து முழுக்க ஒரு சுற்று நடந்து, விட்டு வைக்கும் மரங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு போகிறேன். எங்கள் கவுண்டியின் வான்கூவர் (கனடாவில் இருப்பது அல்ல), கேமஸ் ஊர்கள் பக்கம் இருப்பவர்கள், ஆற்றைத் தாண்டி வர முடிந்தவர்கள் வாருங்கள், கமெண்டில் சொன்னால் இடம் அனுப்புகிறேன். சேறாக இருக்கும், ரப்பர் பூட்ஸ் போட்டு வாருங்கள். மச்சான், உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.