கேலடெட் 2013: அனுதாபம் வேண்டாம், ஆட்டத்தைப் பாருங்கள்

வாஷிங்டன் நகரத்து கேலடெட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி 2013இல் ஆடிய சீசனைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் தேடித் தேடிப் படிக்கிறவன் நான். காது கேளாதவர்களுக்கென்றே நடக்கும் பல்கலைக்கழகம் அது. பட்டம் வழங்கும் உரிமையை அதற்குக் கொடுத்த சட்டத்தில் 1864இல் கையெழுத்துப் போட்டவர் ஆபிரகாம் லிங்கன். வகுப்பு, விடுதி, மைதானம் எல்லா இடத்திலும் சைகை மொழிதான். அந்த வருடம் அந்த அணி பத்து ஆட்டங்களில் ஒன்பதை வென்றது. தன் லீகில் பட்டம் வாங்கியது. முதல் தடவையாக தேசிய நாக்-அவுட் சுற்றுக்கும் போனது.

இதைப் பற்றி நான் படித்தவற்றில் பெரும்பாலானவை 'குறையை வென்ற இளைஞர்கள்' என்ற ரகம். கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டச் சொல்கிற எழுத்து. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பையன்கள் எப்படி ஆடினார்கள் என்பதை யாருமே உட்கார்ந்து விளக்குவதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்குச் சொல்கிறேன். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு வாய்ப்பும் சில விநாடிகளில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் பதினொரு பேருக்கும் அடுத்த திட்டம் தெரிந்திருக்க வேண்டும். காது கேட்கும் அணிகளில் இதில் பெரும்பங்கு சத்தத்தில் நடக்கிறது. பந்து எப்போது கிளம்பும் என்பதை, பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கத்திச் சொல்வார். எதிரணி நிற்கும் விதம் சரியில்லை என்று பட்டால் கடைசி நொடியில் கத்தியே திட்டத்தை மாற்றுவார். ஆட்டத்தை நிறுத்துவது நடுவரின் விசில்.

கேலடெட் அணிக்கு இதெல்லாம் கண்ணால் நடந்தாக வேண்டும். முன்வரிசையில் குனிந்து நிற்பவன் எதிராளியையும் பார்க்க வேண்டும், பந்து அசையும் கணத்தையும் தவறவிடக் கூடாது. ஒரு காலத்தில் மைதானத்தின் ஓரத்தில் ஒரு பெரிய முரசை வைத்து அடித்து, அந்த அதிர்வை உடம்பில் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். விசில் இன்னும் சிக்கலானது. அது ஊதிய பிறகு எதிராளியை மோதினால் பதினைந்து யார்டு தண்டனை. முழு வேகத்தில் ஓடும் ஒருவன், சுற்றி இருப்பவர்கள் தளர்வதைக் கண்டே தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். இதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இப்படி ஆடித்தான் பத்தில் ஒன்பது.

இந்த ஆட்டத்துக்கு அவர்கள் கொடுத்ததும் கொஞ்சம் இல்லை. இன்று எந்த அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தைப் பார்த்தாலும் வீரர்கள் வட்டமாகக் கூடித் தலையைக் குனிந்து திட்டம் பேசுவார்கள். அந்த ஹடில், கேலடெட்டிலிருந்து வந்ததாகவே சொல்லப்படுகிறது. 1890களில் அங்கே குவார்ட்டர்பேக்காக இருந்த பால் ஹப்பர்ட், வேறொரு காது கேளாதோர் பள்ளி அணியோடு ஆடும்போது தங்கள் சைகையை எதிரணி படித்துவிடும் என்று தன் ஆட்களை வட்டமாக நிறுத்தி, நடுவில் கையை மறைத்துச் சைகை செய்தார். நாடே இன்றைக்கும் அதைச் செய்கிறது.

2013 அணியின் கோச் சக் கோல்ட்ஸ்டைன் காது கேட்பவர். சைகை மொழியைக் கற்றுக்கொண்டு அதிலேயே அணியை நடத்தினார். இதைப் பெரிய தியாகம் என்று சொல்ல மாட்டேன். அந்த வளாகத்தில் வேலை பார்ப்பவர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார், அதற்காகவே மதிக்கிறேன். இதே பல்கலைக்கழகத்தில், காது கேளாத ஒருவர்தான் தலைவராக வேண்டும் என்று 1988இல் மாணவர்கள் வளாகத்தை இழுத்து மூடிப் போராடினார்கள், வென்றார்கள். 124 வருடத்தில் காது கேளாத ஒருவர் தலைவரானது அப்போதுதான் முதல் தடவை.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கேலடெட் ஆடுவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில். அங்கே விளையாட்டுக்காக உதவித்தொகை கிடையாது. அணியே 2007இல்தான் கிளப் நிலையிலிருந்து முறையான கல்லூரிப் போட்டிக்குத் திரும்பியிருந்தது. ஆறு வருடத்தில், இருநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ள பிரிவில் நாக்-அவுட்டுக்குத் தேர்வான 32 அணிகளில் ஒன்று.

நாக்-அவுட்டின் முதல் ஆட்டத்தில் நியூயார்க் மாநிலத்து ஹோபார்ட் கல்லூரியிடம் 34-7 என்று தோற்றார்கள். 'தோல்வியிலும் வெற்றி' என்று இதற்குப் பூச்சூட்ட வேண்டியதில்லை. அன்று ஹோபார்ட் தெளிவாக மேலான அணி. மற்ற அணிகளின் தோல்வியை எப்படி எழுதுவோமோ அப்படியே இதையும் எழுதலாம். 2022இல் கேலடெட் மறுபடியும் லீக் பட்டம் வென்று நாக்-அவுட்டுக்குப் போய், மறுபடியும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது அடுத்த வருடத்து விஷயத்தில். 2023 அக்டோபர் 7 அன்று, ஏடி அண்ட் டி என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஒரு ஹெல்மெட்டை கேலடெட் குவார்ட்டர்பேக் அணிந்து ஆடினார். ஓரத்தில் கோச் டேப்லெட்டில் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், ஹெல்மெட்டுக்குள் கண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன திரையில் அது தெரியும். அதுவரை அந்த சீசனில் ஒரு வெற்றிகூட இல்லாத அணி, அன்று ஹில்பர்ட் கல்லூரியை 34-20 என்று வென்றது. தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு அன்று கொடுத்த அனுமதி அந்த ஒரே ஒரு ஆட்டத்துக்கு மட்டும்.

தொழில்முறை லீகில் 1994இலிருந்தே குவார்ட்டர்பேக்கின் காதில் கோச்சின் குரல் ரேடியோவில் கேட்கிறது. கல்லூரி ஆட்டத்தின் உச்சப் பிரிவுக்கும் 2024இல் அந்த வசதி வந்துவிட்டது. கேட்பவனுக்குக் காதில் சொல்வது ஆட்டத்தின் இயல்பான பகுதி என்றால், கேளாதவனுக்குக் கண்ணில் காட்டுவதற்கு மட்டும் ஏன் தனி மனு, தனி அனுமதி? இது சலுகை இல்லை. எல்லாப் பிரிவிலும், எல்லா ஆட்டத்திலும், யாரிடமும் கேட்காமலே அணிந்துகொண்டு இறங்கலாம் என்று விதிப்புத்தகத்திலேயே இருக்க வேண்டும். அதோடு விசிலுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கையும் சேர்த்து யோசிக்கட்டும்.