பார்கோடு இல்லாத புத்தகங்களை என்ன செய்வது?

புத்தகத்தின் பார்கோடை ஸ்கேன் செய்தாலே வீட்டு நூலகப் பட்டியல் தயார் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். புதுப் புத்தகங்களுக்குச் சரி. என் அலமாரியில் பாதிக்கு மேல் அப்பா சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கியவை, ஐஎஸ்பிஎன்னே (புத்தகத்துக்கான தனி அடையாள எண்) கிடையாது. புத்தகப் பட்டியல் வைத்துக்கொள்ள உதவும் லைப்ரரிதிங் இணையதளத்தில் ஒவ்வொன்றாகக் கையால்தான் ஏற்றி வருகிறேன். 2007க்கு முந்தைய 10 இலக்க ஐஎஸ்பிஎன் இருந்தால் அதையும் போட்டுத் தேடலாம். தலைப்பைத் தமிழிலேயே அடியுங்கள். ஆங்கில எழுத்தில் போட்டால் ல, ள, ழ குழம்பி, பிறகு தேடும்போது அகப்படாது. முதல் பக்கத்தில் அப்பா பென்சிலால் எழுதிய தேதி, 'ரூ. 3.50' என்ற விலை, எல்லாவற்றையும் குறிப்புப் பகுதியில் சேர்க்கிறேன். அதை எந்த ஸ்கேனரும் எடுத்துத் தராது. ஒரு வேண்டுகோள்: மாதம் ஒருமுறை பட்டியலை சிஎஸ்வி போன்ற, எக்செல்லில் திறக்கும் அட்டவணைக் கோப்பாக இறக்கி வையுங்கள். முன்பு நான் பயன்படுத்திய ஒரு செயலி நின்றுபோனதில் 400 பதிவுகள் போய்விட்டன.