கட்சி மாறினது கப்பலா?

நேத்து குரூப்ல நடந்த கூத்த எல்லாரும் பாத்திருப்பீங்க, திரும்ப முழுசா சொல்லல. போட்ரோக்ங்கற பழைய போர்க் கப்பல் பத்தி ராத்திரி முழுக்க முழிச்சு எழுதின பதிவுக்குக் கீழ ஒருத்தர் வந்து "நாலு கடற்படைக்குக் கூஜா தூக்கின கப்பல், இதுக்கெல்லாம் மியூசியமா"ன்னு ஒரே வரில போட்டுட்டுப் போயிட்டார். அதுக்கு வரிசையா சிரிப்பு எமோஜி. சந்தோஷம், சிரிங்க.

கப்பல் எங்கயும் தாவல சார். 440 டன், 58 மீட்டர் நீளம், நாலடி தண்ணி இருந்தா மிதக்கும், ஆத்துக்குன்னே கட்டின மானிட்டர், அதாவது தாழ்வா மிதக்குற பீரங்கிக் கப்பல், அது எங்க ஓடும்? 1904-ல புடாபெஸ்ட் பக்கத்துல ஆஸ்திரியா-ஹங்கேரிக்காக எறக்கினாங்க. பெரும்பாலும் டான்யூப், சாவா, இந்த ஆறுங்கதான் அதுக்கு உலகம். கொடிதான் மாறிச்சு, கப்பல் இல்ல.

"1914 ஜூலை 29 விடியறதுக்குள்ள செர்பியா தலைநகர் பெல்கிரேடு மேல முதல் உலகப் போரோட முதல் குண்டு போட்டது அதானே"ன்னு வருவாங்க, தெரியும். ஆமா, கூட ரெண்டு மானிட்டரும் இருந்துச்சு. போர் அறிவிச்சது வியன்னால இருந்த ஆஸ்திரியா-ஹங்கேரி அரசாங்கம். அவ்ளோதான் பதில்.

1918 அக்டோபர் கடைசில மத்த மானிட்டரெல்லாம் புடாபெஸ்டுக்குப் போய்ச் சேர, இது பெல்கிரேடு பக்கத்துல வின்சா கிட்ட தரை தட்டி செர்பியாக்காரங்க கையில சிக்கிச்சு. சிக்குறதுக்கும் தாவுறதுக்கும் வித்தியாசம் இல்லையா? அப்புறம் செர்பியாவும் சேர்ந்து உருவான யூகோஸ்லாவியா வச்ச பேரு சாவா, அந்த ஆத்தோட பேரு. நம்ம காதுக்கு அது குறள்ல வர்ற 'சாவா மருந்து' மாதிரி கேக்குது, பொருத்தமும்தான், ஏன்னா 1941 ஏப்ரல்ல ஜெர்மன்காரன் கைக்குப் போகக்கூடாதுன்னு யூகோஸ்லாவிய மாலுமிங்களே பெல்கிரேடுல முழுகடிச்சாங்க, குரோஷியாக்காரங்க தூக்கி ஓட்டினாங்க, 1944 செப்டம்பர்ல ஸ்லாவோன்ஸ்கி ப்ரோட்ல அதோட ஆளுங்களே மறுபடி முழுகடிச்சாங்க, அதையும் தூக்கி 1952-லருந்து 62 வரைக்கும் திரும்ப யூகோஸ்லாவியா. இதுல எந்த எடத்துல கப்பல்கிட்ட கேட்டாங்க, சொல்லுங்க.

எங்கப்பா ஒரு மில்லுல பாய்லர் பாத்தவர். 31 வருஷத்துல மொதலாளி நாலு பேர். போர்டு மாறும், சம்பளக் கவர் மாறும், பாய்லர் அதே பாய்லர். ரிட்டயர்மெண்ட் மேடைல ஒரு ஆபீசர் "எந்த மொதலாளி வந்தாலும் சலாம் போட்டே சமாளிச்சவர்"னு ஜோக் அடிச்சார். எல்லாரும் சிரிச்சாங்க, அப்பாவும் சிரிச்சார். வீட்டுக்கு வந்து மாலைய ஆணில மாட்டிட்டுப் படுத்தவர் ராத்திரி சாப்பிடவே இல்ல.

"கப்பலையும் மனுஷனையும் ஏன்டா கலக்குற, இரும்புக்கு ஏது ரோஷம்"னு கேப்பீங்க. அதத்தானே நானும் சொல்றேன்! ரோஷம் இல்லாத இரும்புக்குக் கூஜா தூக்க மட்டும் எப்டி தெரிஞ்சுது?

1962-க்கு அப்புறம் பல வருஷம் ஜல்லி சொமந்துச்சு. அத மீட்டு 2021-ல மியூசியமா தொறந்தது எந்த ஊருன்னு நெனைக்கிறீங்க? பெல்கிரேடு. குண்டு வாங்கின அதே ஊரு. அவங்களுக்கு இல்லாத கோவம் உங்களுக்கு.

எமோஜி போட்டவங்கள்ல எங்க சொந்தக்காரங்களும் ரெண்டு பேர். அப்பாவோட ரிட்டயர்மெண்ட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போனவங்க. பாத்துட்டேன்.