என்னைத் தெருவில் உட்காரச் சொல்லாதே

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் அக்கா பையன் ஒரு ஃபார்வர்டு போட்டான். அவனும் போலீஸ்காரன்தான். "காவலர் குடும்பங்களே, திரண்டு வாரீர்" என்று ஆரம்பித்து, மனைவிமார், அம்மாமார், பிள்ளைகள் எல்லோரும் வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் முன்னால் வந்து உட்கார வேண்டும் என்று இருந்தது. தேதி இருந்தது, நேரம் இருந்தது, ஏழு கோரிக்கை இருந்தது. கூப்பிடுகிறவர் யார் என்பது மட்டும் இல்லை. கீழே "இப்படிக்கு, உங்களில் ஒருவன்".

அன்றைக்கு யாரும் போகவில்லை. யார் யார் வருகிறார்கள் என்று குறித்துக்கொள்ள போலீசின் உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்ச் ஆட்கள் இரண்டு பேர் மட்டும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்களாம். இப்போது அடுத்த தேதி வந்திருக்கிறது. பையன் தனியாக போனே போட்டுவிட்டான். "சித்தி, நாங்க வந்தா சஸ்பெண்ட். நீங்க வந்தா இன்னா பண்ண முடியும்?"

அவனிடம் போனில் சொன்னது பாதி. மீதியை இங்கே எழுதுகிறேன். நான் போலீஸ்காரர் வீட்டுக்காரி. 1997-இல் அவர் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற பயிற்சிப் பள்ளியில் டிரெயினிங் முடித்து வந்தவர். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து 10 வருடம் கழித்து முதல்நிலைக் காவலர், அப்புறம் 5 வருடத்தில் ஏட்டு, அதற்கப்புறம் 10 வருடம் ஓட்டி சிறப்பு எஸ்.ஐ. சட்டைத் தோளில் நட்சத்திரம் ஏறுவதற்குள் தலையில் முடி போய்விட்டது.

கோரிக்கை நியாயமா என்றால் நியாயம்தான். அதில் எனக்கும் பையனுக்கும் சண்டையே இல்லை. பத்தாவது பாஸ் செய்துவிட்டு குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகவோ வி.ஏ.ஓ.வாகவோ போனால் அடிப்படைச் சம்பளம் 19,500-இல் தொடங்குகிறது. அதே பத்தாவது படித்து, பரீட்சையும் எழுதி, 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி, கயிறும் ஏறி இரண்டாம் நிலைக் காவலரானால் 18,200. வித்தியாசம் 1,300 ரூபாய்தானே என்பார்கள். அகவிலைப்படி அந்த அடிப்படையின் மேல்தான் கணக்காகிறது, வருடா வருடம் ஏறுகிற 3 சதவீதமும் அதன் மேல்தான். முதல் நாள் விழுந்த பள்ளம் ரிட்டயர் ஆகும்வரை கூடவே வரும். பையனுக்கு இன்னொன்றும் உண்டு. 2003 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. ஒரே வீட்டில் ஒரே காக்கி, சித்தப்பாவுக்கு ஒரு பென்ஷன், பையனுக்கு வேறு கணக்கு. அவனுக்குக் கோபம் வராமல் யாருக்கு வரும்?

ஆனால் சம்பளத்தை முதல் கோரிக்கையாக வைத்ததே எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டில் பணத்தைவிடப் பெரிய பற்றாக்குறை ஆள்தான். பால் கணக்கு எழுதுகிற காலண்டரில் அவர் முழுசாக வீட்டில் இருந்த நாளுக்கு ஒரு வட்டம் போடுவேன். போன வருடம் ஒரு மாதத்தில் இரண்டே வட்டம். அதில் ஒன்றில் காய்ச்சல். 2021-இல் வார ஓய்வு என்று அரசாணையே வந்தது, வீட்டில் பாயசம் வைத்தேன். கார்த்திகை தீபம் என்றால் திருவண்ணாமலை, வைகாசி முதல் தேதி என்றால் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு, நடுவில் அமைச்சர் வருகை, ஒரு சாவு, ஒரு சாலை மறியல். "ஆள் இல்லை, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்ற ஒரே வார்த்தையில் அரசாணை மடங்கி பாக்கெட்டுக்குள் போய்விடும். மற்ற அரசு ஊழியரைவிட 10 சதவீதமாவது போலீசுக்குக் கூடுதல் சம்பளம் கொடுங்கள், எட்டு மணி நேர வேலைக்கு வழி செய்யுங்கள் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதே 2021-இல் சொன்னது. இந்த இரண்டில் எட்டு மணி நேரத்தைத்தான் நான் முதலில் பிடிப்பேன். எத்தனை மணிக்கு ரோல் கால், எத்தனை மணிக்கு வீடு என்று கணக்கில் ஏறட்டும். அது ஏறினால், கூட நின்ற நேரத்துக்குக் காசு கேட்கலாம். ஏறாத நேரத்துக்கு எதைக் காட்டிக் கேட்பது?

சரி, வழிக்கு வருகிறேன். சண்டையே அங்கேதான்.

குடும்பத்தை முன்னால் உட்கார வைக்கிற உத்தி புதுசு இல்லை. 2024 அக்டோபரில் தெலங்கானாவில் சிறப்புப் போலீஸ் பட்டாலியன்காரர்களின் மனைவிமார் ரோட்டுக்கு வந்தார்கள். மாநிலம் முழுக்க ஒரே போலீஸ் என்று ஆக்குங்கள், எங்கள் ஆட்களை ஊர் ஊராகத் துரத்தாதீர்கள் என்று கேட்டார்கள். நியாயமான பேச்சு. முடிவில் 39 பேர் சஸ்பெண்ட், 10 பேர் டிஸ்மிஸ். உட்கார்ந்தது பெண்கள், வேலை போனது ஆண்களுக்கு. "நீங்க வந்தா இன்னா பண்ண முடியும்" என்று கேட்டாயே கண்ணு, இதைப் பண்ண முடியும். என்னை யாரும் தொட மாட்டார்கள். காலையில் உன் சித்தப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டு, "உங்க வீட்டம்மா நேத்து எங்க இருந்தாங்க?" என்று கேட்பார்கள். வேலைக்கே உலை வைக்கிற துறை நடவடிக்கை, த்ரீ-பி சார்ஜ் என்றால் என்ன என்று உனக்கும் தெரியும்.

அடுத்தது கூட்டமாக லீவு போடுவது. பையன் கர்நாடகாவைக் காட்டுகிறான். 2016 ஜூன் 4-இல் போலீஸ் மொத்தமும் லீவு என்று அங்கே அறிவித்தார்கள். அதற்கு முன்பே தலைவரைத் தேசத்துரோகப் பிரிவில் பிடித்து உள்ளே வைத்தார்கள். அந்தத் தேதி வந்தபோது பெரும்பாலோர் டியூட்டிக்கு வந்துவிட்டார்கள். "ஆனா அப்புறம் ஔராத்கர் கமிட்டி சொல்லி சம்பளம் ஏத்தினாங்களே சித்தி" என்கிறான். போலீஸ் சம்பளத்தை ஆராய அந்த அரசு போட்ட கமிட்டி அது. ஏற்றினார்கள், 2019-இல். அந்த லீவு மிரட்டல் இல்லாவிட்டால் ஏற்றியிருக்க மாட்டார்கள் என்று அவன் நம்புகிறான். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், மறுக்க மாட்டேன். ஆனால் ஜெயிலுக்குப் போனவர் ஒருவர், மூன்று வருடம் கழித்துச் சம்பளம் வாங்கியவர்கள் வேறு ஆட்கள். அந்த ஒருவராக என் வீட்டுப் பிள்ளை இருக்க வேண்டாம் என்று நினைப்பது சுயநலம் என்றால், இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு மனதில் நிற்பது இன்னொரு காட்சி. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் ஸ்டிரைக் நடந்தபோது மறியல் செய்த ஆசிரியர்களை வண்டியில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். வாசலில் காவல் நின்றவர் என் வீட்டுக்காரர். உள்ளே எங்கள் பெண்ணின் கிளாஸ் டீச்சர். அந்தம்மா வெளியே எட்டிப் பார்த்து, "உங்களுக்கும் சேத்துத்தான் சார் கேக்குறோம்" என்றாராம். இவர் தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். பென்ஷன் கேட்கிறவர்களைச் சுற்றி, அதே பென்ஷன் இல்லாத இளம் போலீஸ்காரர்கள் லத்தியோடு நின்றிருந்தார்கள்.

அந்த டீச்சருக்கும் ஸ்டிரைக் உரிமை கிடையாது. 2003-இல் ஸ்டிரைக் செய்தவர்களை ஒன்றே முக்கால் லட்சம் பேர் அளவுக்கு வீட்டுக்கு அனுப்பியபோது, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் அவருக்குச் சங்கம் இருக்கிறது. லெட்டர்பேடு இருக்கிறது, தேர்தலில் ஜெயித்த தலைவர் இருக்கிறார், அமைச்சர் கூப்பிட்டால் மேசைக்கு எதிரே உட்காரப் பெயர் சொல்லி ஆள் இருக்கிறது. எங்களுக்கு "உங்களில் ஒருவன்" இருக்கிறான்.

சங்கம் வேறு, ஸ்டிரைக் வேறு. ஃபார்வர்டு எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள், மேலே இருக்கிறவர்களுக்கும் அந்தக் குழப்பம் வசதி. 1966-ஆம் வருடத்துப் போலீஸ் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் காட்டி, போலீசுக்குச் சங்கமே கூடாது என்பார்கள். அந்தச் சட்டம் சொல்வது அனுமதி இல்லாமல் கூடாது என்பது. மீறினால் 2 வருடம்வரை ஜெயில். அனுமதி கொடுத்தால்? பக்கத்தில் கேரளாவில் காவலர்களுக்கு ஒரு சங்கம், அதிகாரிகளுக்கு ஒரு சங்கம், தேர்தல், மாநாடு எல்லாம் நடக்கிறது. அங்கே கட்சி புகுந்துவிட்டது என்று புகார் உண்டு. சங்கத் தலைவர் பாரா (காவல் டியூட்டி) நிற்க மாட்டார் என்று என் வீட்டுக்காரரே சிரிக்கிறார். இருக்கட்டும். பாரா நிற்காத தலைவரை அடுத்த தேர்தலில் மாற்றலாம். பெயரே இல்லாதவனை எப்படி மாற்றுவது?

நம் ஊரிலும் இது புதுப் பேச்சு இல்லை. 1979-இல் பஞ்சாபில் தொடங்கிப் பல மாநிலத்தில் போலீஸ் கிளர்ச்சி நடந்த காலத்துக் கதையை எடுத்தால், பழைய ஏட்டுகள் குரலைத் தாழ்த்தி, இங்கே போலீஸ் சங்கத்துக்காக நின்ற நயினார்தாஸ் பெயரைச் சொல்வார்கள். அதற்கும் முன்னால் போனால் வேலூர்க் கோட்டைக்கே போய்விடலாம். 1806 மே மாதம் புதுத் தலைப்பாகை வேண்டாம் என்று சொன்ன சிப்பாய்களுக்குச் சாட்டையடி கொடுத்தார்கள். ஜூலை 10 விடிவதற்குள் துப்பாக்கி வெடித்தது. இரண்டையும் ஒப்பிடக் கூடாதுதான். இருந்தாலும் அந்த மதிலைத் தாண்டிப் போகும்போதெல்லாம், மே மாதத்திலேயே உட்கார வைத்துப் பேசியிருக்கலாமே என்று தோன்றும்.

(வெளியாள் யாராவது போலீசைத் தூண்டிவிட்டால் பிடிக்க 1922-ஆம் வருடத்து வெள்ளைக்காரன் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே சொல்லிவிடுகிறேன்: யாரையும் லீவு போடச் சொல்லவில்லை. போடாதே என்றுதான் சொல்கிறேன்.)

பையனிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். சங்கத்துக்கு அனுமதி கேட்டு ஒரு மனு எழுது. ஒரே கோரிக்கை போதும். ஏழு வேண்டாம். ஸ்டிரைக் பண்ண மாட்டோம் என்று முதல் வரியிலேயே எழுது. அவரவர் பெயர், நம்பர் போட்டுக் கையெழுத்து வைத்து, மேலதிகாரி வழியாகவே அனுப்பு. மேலே போகவிடாமல் தடுத்தால் அந்தத் தடுத்த தாளே கோர்ட்டுக்கு ஆகும். முதல் கையெழுத்து சித்தப்பாவுடையது என்றும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ராத்திரி பதினொன்றரைக்கு வந்தவருக்கு ரசம் சூடு பண்ணிப் போட்டபடியே விஷயத்தைச் சொன்னேன். பிசைந்த கை நின்றது.

"பேரோடவா?" என்றார்.