காத்தாடி பிளைட்டைக் கேலி பேசாதீங்க மக்களே

போன வாரம் மாமாவைச் சென்னையிலிருந்து வாகைகுளத்துக்கு, அதாவது தூத்துக்குடி விமான நிலையத்துக்கு, விமானத்தில் கூட்டிக்கொண்டு வந்தேன். பின்வாசல் படியில் ஏறும்போதே முகம் சுருங்கிவிட்டது. "என்ன மாப்ள, காத்தாடி வண்டியில கொண்டாந்து ஏத்திட்டியே?" வலது பக்க ஜன்னல் சீட். உட்கார்ந்து வெளியே எட்டிப் பார்த்தவர் என் தொடையைத் தட்டினார். "எஞ்சின் சத்தம் கேக்கு, றெக்கை சுத்தலையே. ரிப்பேரு போலுக்கே!"

ரிப்பேர் இல்லை. பெரிய ஜெட் விமானங்கள் தரையில் நிற்கும்போது கரண்டுக்கும் ஏசிக்கும் வால் பகுதியில் தனியாக ஒரு குட்டி எஞ்சின் உண்டு. நாங்கள் ஏறிய ஏடிஆர் ரகக் காற்றாடி விமானத்தில் அது கிடையாது. வலது எஞ்சினையே ஓடவிட்டு, காற்றாடியை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்து வைத்துவிடுவார்கள். குட்டி எஞ்சினின் எடையைக் காலமெல்லாம் சுமக்க வேண்டாம் பாருங்கள். நம்ம ஊர் ஆச்சிகளின் சிக்கனம் அது.

2025 ஜூலையில் தூத்துக்குடி விமான நிலையத்தின் புது முனையம் திறந்ததிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சுதான். 1,350 மீட்டர் ஓடுபாதை 3,115 மீட்டர் ஆகிவிட்டது, இனி ஜெட்தான், காத்தாடிக்கு விடை கொடுங்கள் என்று. ஜெட் வரட்டும், எனக்கும் சந்தோஷம். ஆனால் காற்றாடி என்றால் பழசு, மட்டம் என்கிற எண்ணம் இருக்கிறதே, அதுதான் தப்பு.

விமானம் முன்னால் போகக் காற்றைப் பின்னால் தள்ள வேண்டும். கொஞ்சம் காற்றை வெகு வேகமாகத் தள்ளலாம், நிறையக் காற்றை நிதானமாகவும் தள்ளலாம். இரண்டாவதில்தான் எரிபொருள் மிச்சம். கரண்ட் போன சித்திரை மதியத்தில் பெரிய பனையோலை விசிறியை மெல்ல ஆட்டுகிறவர் களைப்பதில்லை. நோட்டு அட்டையைப் படபடவென்று ஆட்டுகிறவருக்குத்தான் கை வலிக்கும்.

ஜெட் எஞ்சின்காரர்களும் இதைத்தான் துரத்துகிறார்கள். முதல் போயிங் 737-களின் எஞ்சினில், எரியும் அறை வழியாக ஒரு பங்கு காற்று போனால் அதைச் சுற்றி வெளியே போனதும் ஏறக்குறைய ஒரு பங்குதான். இன்றைய ஏர்பஸ் ஏ320 நியோவில் அது 11, 12 பங்கு. முன்னால் இருக்கும் விசிறி தலைமுறைக்குத் தலைமுறை பெருத்துக்கொண்டே வருவது இதனால்தான். ஆனால் விசிறி பெருத்தால் மேலே மூடியிருக்கும் கூடும் பெருக்கும், எடை ஏறும். அப்புறம் என்ன செய்ய? கூட்டையே கழற்றிவிடலாம் என்கிறார்கள். ஜிஇ-யும் சாஃப்ரானும் சேர்ந்து நடத்தும் சிஎஃப்எம் நிறுவனம் 2021-ல் அறிவித்த ரைஸ் திட்டம் அதுதான். திறந்த விசிறி, இன்றைய எஞ்சினைவிட 20 சதவீதத்துக்கு மேல் எரிபொருள் மிச்சம் என்பது இலக்கு. அதன் படத்தைப் போனில் காட்டினேன். "இதுவும் காத்தாடிதான மாப்ள!" என்றார் மாமா.

அதே அளவு ஜெட்டைவிட 45 சதவீதம் வரை கரியமில வாயு குறைவு என்று ஏடிஆர்காரர்கள் சொல்கிறார்கள். விற்கிறவர் கணக்கு, கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். 180 சீட்டும் நிறைந்தால் ஏர்பஸ் கணக்கும் மோசமில்லை. டெல்லி, துபாய் என்றால் ஜெட்தான் சரி. சென்னைக்கு எதற்கு? மிச்சமாகும் இருபது நிமிடத்தைப் பெட்டிக்குக் காத்து நின்றே தொலைத்துவிடுவோம்.

ஹைட்ரஜன் விமானம் வராதா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜன் நம்ம மகேந்திரகிரிக்குப் புதிதில்லை, ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சின்களை அங்கேதான் ஓட்டிப் பார்க்கிறார்கள். எடைக்கு எடை பார்த்தால் விமான எரிபொருளைவிட மூன்று மடங்கு சக்தி. ஆனால் அதே சக்திக்கு நான்கு மடங்கு இடம் கேட்கும், டேங்க் வைத்தால் சீட் போய்விடும். 2035 என்று நாள் குறித்த ஏர்பஸ்ஸே 2025-ல் தள்ளிப்போட்டுவிட்டது.

அடுத்த மாதம் பேத்தி காதுகுத்துக்கு மாமா திரும்பச் சென்னை போக வேண்டும். "ஜெட்டு விட்டுட்டானான்னு பாரு மாப்ள" என்கிறார். நான் வந்தே பாரத்தில் ஜன்னல் சீட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.