கேம் படங்களில் யாருமே தோற்பதில்லை

வீடியோ கேமைப் படமாக எடுத்தால் ஏன் பெரும்பாலும் சொதப்புகிறது என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. கேமில் நாம் ஆடுகிறோம், படத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறோம், அதனால் ஒட்டவில்லையாம். எனக்கு இது பாதி பதிலாகத்தான் படுகிறது.

2000களில் சென்னையில் பள்ளிக்கூடம் படித்தவர்களுக்குத் தெரியும், பிரவுசிங் சென்டரில் ஆடியவர்களைவிட வேடிக்கை பார்த்தவர்கள்தான் அதிகம். மணிக்கு 20 ரூபாய் கொடுக்க எல்லோரிடமும் காசு இருக்காது. ஒருத்தன் வைஸ் சிட்டி ஆடுவான், அவன் நாற்காலிக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றுகொண்டு "லெஃப்ட்ல போடா, போலீஸ் வர்றான் பாரு" என்று கத்திக்கொண்டிருப்போம், சென்டர் அண்ணன் வந்து "காசு குடுக்காதவன்லாம் வெளிய போ" என்று விரட்டும் வரைக்கும். கீபோர்டு நம் கையில் இல்லையே என்று யாருக்கும் சலிப்புத் தட்டியதில்லை. இன்றைக்கும் அடுத்தவர் ஆடுவதை யூடியூபில் மணிக்கணக்காகப் பார்க்க லட்சக்கணக்கில் ஆள் இருக்கிறது. வேடிக்கை பார்ப்பதுதான் பிரச்சினை என்றால் இதெல்லாம் எப்படி?

வைஸ் சிட்டியில் ஒரு ரிமோட் ஹெலிகாப்டர் மிஷன் வரும், ஆடியவர்களுக்கு இப்போது நினைத்தாலும் கடுப்பாகும். பாதி கட்டிய ஒரு கட்டடத்துக்குள் அந்தக் குட்டி ஹெலிகாப்டரை விட்டு 4 இடத்தில் குண்டு வைக்க வேண்டும். நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் ஆட்கள் அடிப்பார்கள், சுடுவார்கள், அதற்கும் மேலே அந்தச் சனியன் நேராகப் பறக்கவே பறக்காது. மூன்று குண்டு வைத்துவிட்டு நாலாவதற்குப் படிக்கட்டுப் பக்கம் திரும்பும்போது சுவரில் இடித்துப் புகையும், பின்னால் நிற்கிற மொத்தக் கூட்டமும் "ஐயோ" என்று தலையில் கை வைக்கும். ஒரு பத்து நிமிஷம் எங்களை அங்கே கட்டிப்போட்டது ஒரே விஷயம்தான்: அவன் தோற்கலாம். நிஜமாகவே தோற்கலாம். இதையே ஒரு படத்தில் ஹீரோ செய்தால் நெற்றியில் வியர்வை, பின்னணி இசை, கடைசி நொடியில் குண்டு வைத்துவிட்டு வெளியே வருவார். வருவார் என்று டிக்கெட் வாங்கும்போதே தெரியும்.

பப்ஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 பேர் குதிக்கிறார்கள், தனியாக ஆடினால் 99 பேர் சாகிறார்கள். அதாவது அது தோற்பதற்கென்றே செய்த கேம். 2020ல் தடை வருவதற்கு முன்னால் எந்த டீக்கடையில் நின்றாலும் காதில் விழுந்தது ஜெயித்த கதை இல்லை, செத்த கதை. "மரத்துக்குப் பின்னாடிதான் மச்சி நிக்கிறேன், எங்கேர்ந்து அடிச்சான்னே தெரியல." இப்படி ஒருத்தன் ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவன் அதைவிடக் கேவலமாகச் செத்த கதை ஒன்றை எடுத்துவிடுவான்.

படம் எடுக்கிறவர்கள் கேமிலிருந்து கதையை எடுக்கிறார்கள், உடையை எடுக்கிறார்கள், பெயரை எடுக்கிறார்கள். 2005ல் வந்த டூம் படத்தில் கேமராக் கோணத்தைக்கூட எடுத்தார்கள், துப்பாக்கி மட்டும் கண் முன்னால் தெரிய சில நிமிஷம் ஓடும் அந்தக் காட்சி. தோல்வியை மட்டும் கவனமாகக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

இதற்கு எனக்குத் தெரிந்த சரியான உதாரணம் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. சாண்ட்ஸ் ஆஃப் டைம் என்ற பெயரில் 2003ல் வந்த கேமைச் சொல்கிறேன். இளவரசன் கையில் ஒரு குறுவாள், அதை வைத்து நேரத்தைப் பின்னால் ஓட்டலாம். சுவரில் ஓடி, தாவி, கம்பியைத் தவறவிட்டுப் பள்ளத்தில் விழுகிறோமா, உடனே பட்டனை அமுக்கினால் விழுந்த உடம்பு அப்படியே மேலே ஏறி வந்து விளிம்பில் நிற்கும். குறுவாளில் மணல் தீர்ந்திருந்தால் செத்தோம். அங்கேதான் அந்தக் கேம் ஒரு வேலை காட்டும். மொத்தக் கதையையும் இளவரசனே ஒருத்தியிடம் உட்கார்ந்து சொல்வதாக அமைத்திருப்பார்கள். நாம் செத்ததும் அவன் குரல் குறுக்கே வந்து, இல்லையில்லை, நடந்தது அப்படி இல்லை என்று தன்னையே திருத்திக்கொள்ளும், நாம் கொஞ்சம் முன்னாலிருந்து மறுபடி ஆடுவோம். நான் கைதவறி விழுந்தது அவன் வாய்தவறிச் சொன்னதாக ஆகிவிடுகிறது! தோல்வியைக் கதைக்குள்ளேயே உட்கார வைக்க இதைவிட அழகான வழியை நான் பார்த்ததில்லை.

2010ல் டிஸ்னி அதைப் படமாக எடுத்தது, ஜேக் ஜில்லென்ஹால் நடித்தார். படத்தின் கதையில் கேமை உருவாக்கிய ஜோர்டன் மெக்னருக்கும் பங்கு உண்டு, ஆக கேம் தெரியாதவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் குறுவாள் அங்கே எல்லோரும் மாறி மாறிப் பிடுங்கிக்கொள்ளும் ஒரு பொருளாகிவிட்டது. நேரம் பின்னால் ஓடும் காட்சிகள் உண்டு, விரல் விட்டு எண்ணிவிடலாம். விழுவது, திருத்துவது, மறுபடி விழுவது என்ற அந்தத் தாளம் போய்விட்டது. மிச்சமிருப்பது ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் ஓடினால் பார்க்கலாம் என்கிற மாதிரி ஒரு சாகசப் படம்.

வேடிக்கை என்னவென்றால், எந்தக் கேமையும் தழுவாத படங்களில்தான் எனக்கு கேம் ஆடிய உணர்வு கிடைத்திருக்கிறது. 2014ல் வந்த எட்ஜ் ஆஃப் டுமாரோ ஒரு ஜப்பானிய நாவலிலிருந்து எடுத்தது. அதில் டாம் குரூஸ் சாகிறார், திரும்ப அதே காலையில் எழுகிறார், மறுபடி சாகிறார், கொஞ்சம் கொஞ்சமாக வேலை கற்றுக்கொள்கிறார். நம்ம ஊரில் மாநாடு, அதில் சிம்பு இப்படித்தான் செத்துச் செத்து அதே நாளுக்குத் திரும்புகிறார். 2021ல் தியேட்டரில் பார்த்தபோது, எஸ்.ஜே. சூர்யாவும் அதே சுழலுக்குள் மாட்டியதும் கூட்டம் கத்தியதற்குக் காரணம் அவர் நடிப்பு மட்டும் இல்லை. அதுவரை கம்ப்யூட்டரை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தவனுக்கு எதிரே இன்னொரு பிளேயர் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இவன் செத்துக் கற்றுக்கொண்டால் அவனும் கற்றுக்கொண்டு வருகிறான். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அஸ்வின் சரவணன் எடுத்த கேம் ஓவரும் மூன்று உயிர் என்ற கணக்கை நன்றாகவே பயன்படுத்தியது. இவர்கள் யாரும் ஒரு கேம் கம்பெனிக்கும் உரிமைத் தொகை கட்டவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நிறைய கேம்களின் கதையே சினிமாவிடம் கடன் வாங்கியதுதான். வைஸ் சிட்டியில் கடைசிச் சண்டை நடக்கும் அந்த மாளிகை அல் பசினோவின் ஸ்கார்ஃபேஸ் படத்தைப் பார்த்துச் செய்தது. மேக்ஸ் பெய்ன் ஹாங்காங் சண்டைப் படங்களின் பிள்ளை. இவற்றைத் திரும்பவும் படமாக்கினால் கடன் வாங்கியதைக் கடன்கொடுத்தவருக்கே விற்பது மாதிரி ஆகிவிடும். 2008ல் வந்த மேக்ஸ் பெய்ன் படத்துக்கு அதுதான் நடந்தது.

கேம்களை வரிசையாகப் படமாக்கிய ஜெர்மன் இயக்குநர் ஊவே பால் எடுத்தவற்றை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. தன் படங்களைத் திட்டிய விமர்சகர்களைக் குத்துச்சண்டை மேடைக்கு அழைத்து நிஜமாகவே அடித்த மனுஷன் அவர், அந்தச் சண்டை அவர் படங்களைவிட சுவாரசியம்.

சரி, கேமிலிருந்து எடுத்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் தொடர் நன்றாக வந்ததே என்று கேட்பீர்கள். (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிவிடுங்கள்.) 2013ல் வந்த கேமின் கடைசியில் ஒரு ஆபரேஷன் தியேட்டர். தொற்றுநோயால் அழிந்த உலகத்தில் நாம் காப்பாற்றிக் கூட்டிவந்த சிறுமி எல்லி மேஜை மேல் மயங்கிக் கிடக்கிறாள். அவளை அறுத்தால் உலகத்துக்கு மருந்து கிடைக்கலாம், அவள் பிழைக்க மாட்டாள். டாக்டர் கையில் கத்தியோடு குறுக்கே நிற்கிறார். நான் கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் நின்று பார்த்தேன், வேறு வழி ஏதாவது வைத்திருப்பார்களா என்று. இல்லை. நாம் பட்டனை அமுக்கி அவரைக் கொன்றால்தான் கதை நகரும். 2023ல் வந்த தொடரில் இதே காட்சியில் ஹீரோவாக வரும் பெட்ரோ பாஸ்கல் சுடுகிறார், பிரமாதமாக நடித்திருக்கிறார், ஆனால் கொன்றது அவர். நான் சோபாவில் உட்கார்ந்து அவரைத் திட்டலாம், நியாயம் பேசலாம், அவ்வளவுதான்.

அந்தத் தொடர் உண்மையில் எழுந்து நின்றது மூன்றாவது எபிசோடில். கேமில் வழியில் வரும் பில் என்பவரின் துணை ஃபிராங்க் ஒரு பிணம், பில்லை வெறுத்து எழுதிய ஒரு கடிதம், முடிந்தது. தொடரில் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு முழு வாழ்க்கையே கொடுத்திருக்கிறார்கள், ஸ்ட்ராபெரி விதைப்பது வரைக்கும். கேம் ஆடியவன் போகவே முடியாத இடம் அது, அங்கே தோற்பதற்கு அவனுக்கு எதுவும் இல்லை. அதனால்தான் பறிகொடுத்த உணர்வும் இல்லை. ஃபால்அவுட் தொடரும் 2024ல் இதையே செய்தது, உலகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்களைப் புதிதாகச் செய்தார்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமிலிருந்து வந்த ஆர்கேன் தொடரின் கதையும் அப்படித்தான், அந்தக் கேமை ஆடும்போது கதை என்று பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை, எழுதியவர்களுக்குக் கை நிறைய இடம் கிடைத்தது.

அனிமேஷன் மாரியோ 2023ல் 130 கோடி டாலருக்கு மேல் வசூல் பண்ணியது என்று யாராவது வருவீர்கள். வசூல் பண்ணியது, சந்தோஷம், வீட்டுக் குட்டீஸ் இன்னும் அதையே போடச் சொல்கிறார்கள். 1993ல் வந்த மாரியோ படத்தோடு ஒப்பிட்டால் கோயில் கட்டலாம். நல்ல படமா என்று கேட்டால் நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

எனக்கு இப்போது ஆர்வமெல்லாம் நின்டென்டோ அறிவித்திருக்கும் ஜெல்டா படத்தின் மேல்தான். வெஸ் பால் இயக்குகிறார், அனிமேஷன் இல்லை, நிஜ நடிகர்கள். கேமில் ஹீரோ லிங்க் கிட்டத்தட்ட வாயே திறக்க மாட்டான், படத்தில் பேச வைப்பார்களா என்று எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். பேசட்டும், எனக்கொன்றும் இல்லை. ஜெல்டா வரிசையில் 2017ல் வந்த பிரெத் ஆஃப் தி வைல்டு கேமில் முதல் பகுதியைத் தாண்டியதும் நேராகக் கோட்டைக்குப் போய்க் கடைசி வில்லனையே பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். நான் கிழிந்த சட்டையும் மரக்கட்டையுமாகப் போய், கோட்டை வாசலைக்கூடத் தொடாமல் செத்தேன். வெஸ் பால் அந்தக் காட்சியை வைத்தால் முதல் நாள் டிக்கெட் என் செலவு.