ஜடேஜா போனார், சஞ்சு வந்தார்: கணக்கைப் பார்த்துவிட்டுச் சண்டை போடுவோம்

ஜடேஜாவைச் சென்னை அணி "விற்றுவிட்டது" என்று இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஐபிஎல் விதிப்படி வீரர் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் எந்த டிரேடும், அதாவது அணிகளுக்கு இடையேயான வீரர் பரிமாற்றமும், நடக்காது. 2025 நவம்பர் 15 அன்று அறிவிக்கப்பட்ட பரிமாற்றத்தில் ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கும், சஞ்சு சாம்சன் அங்கிருந்து சென்னைக்கும் ஒப்புக்கொண்டுதான் மாறினார்கள். ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாக இறங்கியதும் அந்த ஒப்பந்தத்தில்தான். 2008-ல் ஷேன் வார்ன் தலைமையில் கோப்பை வென்ற ராஜஸ்தான் அணியில் பத்தொன்பது வயதில் ஆடியவர் அவர். அதே அணிக்குத் திரும்பிப் போயிருக்கிறார். துரோகம் என்ற வார்த்தைக்கு இங்கே வேலையே இல்லை.

2023 இறுதி ஆட்டத்தில் மோகித் சர்மாவின் கடைசி இரண்டு பந்துகளில் ஒரு சிக்ஸரும் ஒரு ஃபோரும் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவரை அனுப்பினால் சென்னைக்கு வலிக்கத்தான் செய்யும். அந்த வலி நியாயமானது. ஆனால் டிரேட் சரியா தப்பா என்பதை அந்த வலி சொல்லாது.

என் கருத்து இதுதான். டிரேட் தவறில்லை. தவறு அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2024 நவம்பரில் நடந்துவிட்டது. அதைத் திருத்தும் முயற்சியில்தான் ஜடேஜா போனார். போனபிறகு அவர் வேலைக்கு ஆள் எடுத்த விதம்தான் எனக்கு உறுத்துகிறது.

முதலில் 2024. ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி பர்ஸ், அதாவது வீரர்களுக்குச் செலவழிக்க அனுமதித்த தொகை. ஏலத்துக்கு விடாமல் தக்கவைக்கும் முதல் ஆளுக்கு 18 கோடி, அடுத்தவருக்கு 14, மூன்றாமவருக்கு 11, நான்காமவருக்கு மறுபடி 18, ஐந்தாமவருக்கு 14 என்று படிகள் வைத்திருந்தார்கள். சென்னை நான்கு சர்வதேச வீரர்களைத் தக்கவைத்தது. ருதுராஜ் 18, ஜடேஜா 18, பதிரனா 13, சிவம் துபே 12. கூட்டினால் 61 கோடி, நான்கு படிகளின் கூட்டுத்தொகையும் அதேதான். தோனி 4 கோடிக்கு வந்தார். ஐந்து ஆண்டுகளாக இந்திய அணிக்கு ஆடாதவரை அன்கேப்டு (சர்வதேச ஆட்டம் ஆடாத) வீரராகக் கருதலாம் என்ற விதி அந்த நேரத்தில் திரும்பவும் கொண்டுவரப்பட்டது, அவருடைய கடைசி சர்வதேச ஆட்டம் 2019 உலகக் கோப்பை அரையிறுதி. ஆக 65 கோடி காலி, ஜெட்டா ஏலத்துக்குக் கையில் 55 கோடி.

அந்த 55 கோடியில் அஸ்வினுக்கு 9.75, நூர் அகமதுக்கு 10. ஜடேஜாவின் 18-ஐயும் சேர்த்தால் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களுக்கு மட்டும் 37.75 கோடி. மொத்த பர்ஸில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. தொடக்க ஆட்டத்துக்கு எடுத்த கான்வே 6.25, ரச்சின் 4, திரிபாதி 3.40 மூவருக்கும் சேர்த்து 13.65 கோடிதான். சேப்பாக்கத்தில் பந்து சுழலும், நாம் 160 அடித்துவிட்டு எதிரணியை மடக்கிவிடலாம் என்ற பழைய நம்பிக்கையில் போட்ட பட்ஜெட் அது. பிட்ச் அந்த நம்பிக்கையை எப்போதோ கைவிட்டுவிட்டது. சேப்பாக்கத்தில் எங்களுக்கு உள்ளூர்ச் சாதகம் எதுவும் இல்லை என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே வெளிப்படையாகச் சொன்னார்.

2025 சீசனில் அதன் விளைவு எல்லோருக்கும் தெரியும். 2008-க்குப் பிறகு முதல்முறையாக பெங்களூரு சேப்பாக்கத்தில் ஜெயித்தது, அதுவும் 50 ரன்னில். 2010-க்குப் பிறகு டெல்லி ஜெயித்தது. ஹைதராபாத் இங்கே சென்னைக்கு எதிரான தன் முதல் வெற்றியையே பார்த்தது. கொல்கத்தாவுக்கு எதிராகப் பவர்பிளேயில் (முதல் ஆறு ஓவரில்) 31 ரன், 20 ஓவரில் 103. அவர்கள் அதை 10.1 ஓவரில் முடித்துவிட்டுப் போனார்கள். 14 ஆட்டத்தில் 4 வெற்றி, முதல்முறையாகக் கடைசி இடம்.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. அந்த சீசனின் பாதியில் மாற்று வீரர்களாக வந்த ஆயுஷ் மாத்ரேவுக்கு 30 லட்சம், டெவால்ட் பிரெவிஸுக்கு 2.2 கோடி. மாத்ரே 7 ஆட்டங்களில் 240 ரன், பிரெவிஸ் 6 ஆட்டங்களில் 225 ரன். இரண்டு பேருமே ஒரு பந்துக்கு ஒன்றே முக்கால் ரன்னுக்கு மேல் அடித்த வேகம். இரண்டரை கோடியில் கிடைத்த வேகத்தை 55 கோடியில் வாங்கத் தவறியிருக்கிறோம். தேர்வுக் குழு தப்பான ஆட்களை எடுத்தது என்பதைவிட, எந்த ஓவருக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்பதில்தான் தவறியது.

இப்போது டிரேடின் கணக்கு. சென்னையிலிருந்து போனது ஜடேஜாவின் 18, கரனின் 2.4, ஆக 20.4 கோடி. வந்தது சஞ்சுவின் 18. சென்னைக்கு 2.4 கோடி மிச்சம். ராஜஸ்தான் பக்கம் பாருங்கள். போனது 18, வந்தது 14 கூட்டல் 2.4, ஆக 16.4. அவர்களுக்கு 1.6 கோடி மிச்சம். ஜடேஜா 18-லேயே நின்றிருந்தால் ராஜஸ்தானுக்கு 2.4 கோடி கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும், அவர்கள் பர்ஸில் இருந்ததோ 30 லட்சம். போதாக்குறைக்கு அணியில் அனுமதித்த எட்டு வெளிநாட்டு இடங்களும் நிரம்பியிருந்தன, கரன் உள்ளே வர ஒருவர் வெளியேற வேண்டும். அறிவிப்பு நாள்கணக்கில் இழுத்தபோது "பேச்சுவார்த்தை முறிந்தது" என்று ஆளாளுக்குக் கதை கட்டினார்களே, இழுத்ததற்கு இந்த இரண்டும் போதுமான காரணம்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது இன்னும் சில குழப்பங்களையும் தீர்த்துவிடலாம். 18 கோடி என்பது ஒரு சீசனுக்கு, மூன்று வருடத்துக்கும் சேர்த்து அல்ல. ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 7.5 லட்சம் ஆட்டக் கட்டணம் 2025 முதல் தனியாக உண்டு, அது பர்ஸில் கழியாது. அணிகளுக்கு இடையே கைமாறும் டிரான்ஸ்ஃபர் தொகையும் பர்ஸில் சேராது. அதனால்தான் ஹர்திக்கை குஜராத்திலிருந்து மும்பை வாங்கியபோது உண்மையில் எவ்வளவு கைமாறியது என்பதை வெளியிலிருந்து யாரும் கணக்குப் போட முடியவில்லை. டிரேட் சாளரம் ஏலத்துக்கு ஏழு நாள் முன்பு மூடி, ஏலம் முடிந்ததும் மறுபடி திறக்கும். ஆனால் அந்த ஏலத்தில் எடுத்த வீரரை அந்த சீசனுக்கு டிரேட் செய்ய முடியாது. "இந்த ஏலத்தில் எடுத்த பிரசாந்த் வீரைக் கொடுத்து ஜடேஜாவைத் திரும்ப வாங்குங்கள்" என்று கமென்டில் கேட்பவர்கள் இந்த ஒரு விதியைப் படித்தால் போதும்.

சரி, அணிக்குள் கெமிஸ்ட்ரி. ஜடேஜா போனால் டிரெஸ்ஸிங் ரூம் உடைந்துவிடும், சஞ்சு வந்தால் ருதுராஜுக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது என்கிறார்கள். கெமிஸ்ட்ரி என்பது கட்டிப்பிடித்துக்கொள்ளும் போட்டோவில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தன் வேலை என்ன, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது பதினோரு பேருக்கும் தெளிவாகத் தெரிவதைத்தான் கெமிஸ்ட்ரி என்கிறேன்.

ஆதாரம் நம் வீட்டிலேயே இருக்கிறது. 2022-ல் சீசன் தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது ஜடேஜாவைக் கேப்டனாக்கினார்கள். 8 ஆட்டத்தில் 2 வெற்றி, பதவி தோனியிடமே திரும்பியது. அந்த சீசனில் ஜடேஜா 10 ஆட்டங்களில் 116 ரன், 5 விக்கெட். அதே ஜடேஜா, தன் பழைய வேலை திரும்பக் கிடைத்த மறு வருடம், கோப்பை வாங்கிக் கொடுத்தார். ரஹானேவைப் பாருங்கள். 2023-ல் 50 லட்சத்துக்கு வந்தவர். மூன்றாம் இடத்தில் இறங்கி முதல் பந்திலிருந்தே அடி என்று ஒரே ஒரு வேலை. 326 ரன், ஸ்ட்ரைக் ரேட் 172-க்கு மேல். மும்பையில் 2024-ல் ரோகித்தை இறக்கி ஹர்திக்கைக் கேப்டனாக்கியதும் சொந்த மைதானமான வான்கடேயே அவரைக் கேலிக் கூச்சலிட்டு வரவேற்றது, அணி கடைசி இடத்தில் முடிந்தது. அங்கே இருந்தவர்கள் யாரும் திறமை குறைந்தவர்கள் இல்லை.

அந்த வகையில் 2026 சீசனுக்காகச் சென்னை செய்த ஒரு காரியத்தை மனதாரப் பாராட்டுகிறேன். சஞ்சு வந்த அன்றே கேப்டன் ருதுராஜ்தான் என்று அறிவித்துவிட்டார்கள். ராஜஸ்தானுக்கு 2021 முதல் கேப்டனாக இருந்தவர், இங்கே பேட்ஸ்மேனாக மட்டும் வருகிறார் என்பது கையெழுத்துப் போடும்போதே அவருக்குத் தெரியும்.

தெளிவில்லாதது கீப்பிங். தோனி, சஞ்சு, உர்வில் படேல், ஏலத்தில் எடுத்த கார்த்திக் சர்மா என்று நான்கு கீப்பர்கள். தோனி ஆடும் ஆட்டங்களில் சஞ்சு வெளியே ஃபீல்டிங் செய்வார், அது சரி. ஆனால் எந்த ஆட்டத்தில் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வீரர்களிடம் சொல்லிவிட வேண்டும், டாஸுக்குப் பத்து நிமிடம் முன்பு சொல்லக்கூடாது.

மேலே மாத்ரே, ருதுராஜ், சஞ்சு, பிரெவிஸ் நால்வரும் வலது கை. எதிரணி இடது கை சுழற்பந்தையோ லெக் ஸ்பின்னையோ ஏழாவது ஓவரிலிருந்து நிம்மதியாகப் போடலாம், பந்து எல்லோருக்கும் வெளியே போகும். துபேயை ஐந்தாம் இடத்திலேயே பூட்டி வைக்காமல், எதிரணியின் ஸ்பின்னர் வரும் ஓவரைப் பார்த்து இறக்க வேண்டும். ஜடேஜா இருந்தபோது இந்த வேலைக்கு இன்னொரு இடது கை இருந்தது. 2025-ல் பெங்களூருவில் அவர் 45 பந்தில் 77 எடுத்த ஆட்டத்தில் இரண்டே ரன்னில் தோற்றோம், அந்த மாதிரி ஒரு நாளை இப்போது யார் தருவார் என்பதற்கு என்னிடம் பெயர் இல்லை.

பேட்டிங்கை விட்டுவிடுங்கள். அதைவிடப் பெரிய ஓட்டை ஐந்தாவது பந்துவீச்சாளர். கலீல் நான்கு ஓவர், கம்போஜ் நான்கு, எல்லிஸ் நான்கு, நூர் நான்கு. பதினாறு ஓவர் முடிந்தது. மீதி நான்கை ஜடேஜா கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார், ஆடும் பதினொருவரில் நான்கே இருக்கும் வெளிநாட்டு இடத்தையும் தின்னமாட்டார். 2025-ல் அவருக்குக் கிடைத்தது 10 விக்கெட்தான், ஆனாலும் அந்த நான்கு ஓவரை யாருக்குக் கொடுப்பது என்று கேப்டன் ஒருநாளும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது வெளிநாட்டு வீரரான அகீல் ஹொசைனை ஆடவைத்தால் பிரெவிஸ், நூர், எல்லிஸ், ஓவர்டன் நால்வரில் ஒருவர் உட்கார வேண்டும். ராகுல் சாஹரை இறக்கினால் பேட்டிங் நீளம் குறையும். ஆஃப் ஸ்பின் போட அஸ்வினும் இல்லை, இடது கை பேட்ஸ்மேன்கள் நிறைந்த அணி வந்தால் பகுதிநேரமாக மேத்யூ ஷார்ட்தான், அவரும் வெளிநாட்டு வீரர்.

அதனால்தான் 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் பிரசாந்த் வீருக்கு 14.20 கோடி வரை போனார்கள். 20 வயது, உத்தரப் பிரதேசம், இடது கை சுழல், இடது கை பேட்டிங். தேவை புரிகிறது. விலைதான் புரியவில்லை. 43.40 கோடியுடன் போய், வீருக்கும் கார்த்திக் சர்மாவுக்கும் ஆளுக்கு 14.20 என்று 28.40 கோடியை இரண்டு அன்கேப்டு பையன்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். க்ருணால் பாண்டியா இதே வேலைக்கு மெகா ஏலத்தில் பெங்களூருவிடம் 5.75 கோடிக்குப் போய், 2025 இறுதி ஆட்டத்தில் ஆட்ட நாயகனும் ஆனார். ஜடேஜாவுக்கு ராஜஸ்தான் இப்போது கொடுப்பது 14. அவருடைய இடத்துக்கு நாம் கொடுப்பது 14.20. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

பையன்மீது கோபம் இல்லை. அடிப்படை விலை 30 லட்சம் போட்ட ஒருவர் தலையில் 14 கோடியை ஏற்றியது அவர் குற்றமில்லை. மூன்று ஆட்டத்தில் அடி வாங்கினால் "14 கோடிக்கு இதுவா" என்று முதலில் கூவப்போவது நாம்தான். ராஜஸ்தான் இதே ஜடேஜாவை 2008-ல் எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் ஆடவிட்டது. அந்த வசதி வீருக்குக் கிடைக்காது.

பதிரனாவை 13 கோடியிலிருந்து விடுவித்ததை நான் குறை சொல்லமாட்டேன். 2025-ல் அவர் பந்தில் பழைய கூர்மை இல்லை. கொல்கத்தா 18 கோடி கொடுத்ததால் நாம் ஏமாந்தோம் என்று ஆகிவிடாது, சிறு ஏலத்தில் ஆள் குறைவு, கையில் பணம் அதிகம், விலை ஏறத்தான் செய்யும். காயத்தின் பேரில் நாம் கொடுத்த விலையை மறக்கக்கூடாது. 2022-ல் தீபக் சாஹர் 14 கோடிக்கு வந்து ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, 2023-ல் ஸ்டோக்ஸ் 16.25 கோடிக்கு வந்து ஆடியது இரண்டே ஆட்டம்.

2026-ன் முதல் நான்கு சேப்பாக்கம் ஆட்டங்களில் வீருக்கு முழுதாக நான்கு ஓவர் கொடுக்கிறாரா ருதுராஜ், இல்லை இரண்டில் நிறுத்திவிட்டு துபேயிடம் ஓடுகிறாரா என்று பாருங்கள். எட்டிலிருந்து பதினொன்றாவது ஓவர் வரை யார் கையில் பந்து இருக்கிறது என்று எழுதிவைத்துக்கொண்டு பிறகு இந்த டிரேடைப் பற்றிப் பேசலாம். மாற்றுக் கருத்து இருந்தால் கமென்டில் ஓவர் கணக்கோடு வாருங்கள், பதினொருவர் பெயரோடும் நான்கு வெளிநாட்டு வீரர்களோடும். ஆட்டத்தின் நடுவே மாற்றி இறக்கும் இம்பாக்ட் பிளேயர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.